எல்லா ரைஃபிளுக்கும் ஒரே பவுடர் போதுமா? வீட்டுலயே தோட்டா நிரப்புறவங்க கேட்டதுக்கு என் பதில்கள்

கேள்வி: அண்ணா, நான் டெக்சஸ்ல இருக்கேன். என்கிட்ட .223, .308, .30-06னு மூணு தோட்டா அளவுலயும் ரைஃபிள் இருக்கு. ஒரே பவுடர்தான் வாங்க முடியும்னா எது வாங்கலாம்?

பதில்: தம்பி, கண்ண மூடிட்டு எச்4895 வாங்குங்க. வார்கெட்னு இன்னொரு பவுடரும் இந்த மூணுலயும் நல்லா வேலை செய்யும், ஆனா எனக்கு 4895 மேல தனி பிரியம், ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க ஆர்மி .30-06 தோட்டாவுல போட்டது 4895தான், போர் முடிஞ்சு மிஞ்சிப்போன சரக்கை ப்ரூஸ் ஹாட்ஜ்டன் வாங்கி விக்க ஆரம்பிச்சார், இந்த எச் பவுடர் விக்கற ஹாட்ஜ்டன் கம்பெனியே அப்படி வளர்ந்ததுதான்.

கேள்வி: என் .30-06 பழைய ஆர்மி ரைஃபிள், எம்1 கேரண்ட். அதுக்கும் இதுவேவா?

பதில்: ஆமாங்க, பவுடர் எரியுற வேகம் அதுக்குன்னே பொருந்தும். மெதுவா எரியுற பவுடர் போட்டா பேரல்ல வாயு வெளிய வர்ற ஓட்டையில (கேஸ் போர்ட்) பிரஷர் கூடி, அடுத்த தோட்டாவை ஏத்துற கம்பி (ஆப்பரேட்டிங் ராட்) வளைஞ்சிடும். தோட்டா நிரப்புற மேனுவல்ல கேரண்டுக்குன்னு தனியா போட்டிருக்கற லோடை (பவுடர் அளவை) மட்டும் பாருங்க, பொதுவான .30-06 லோடு வேண்டாம்.

கேள்வி: பவுடர்னா பவுடர்தானே, ஏன் எல்லாத்துக்கும் ஒண்ணு ஆகாது?

பதில்: புல்லட் நகர நகர பின்னாடி இடம் பெருசாகிட்டே போகும், அந்த இடத்தை பவுடர் எரிஞ்சு வர்ற வாயு நிரப்பிட்டே இருக்கணும். ஷெல் (தோட்டா உறை) பெருசு பேரல் துளை சின்னதுன்னா மெதுவா எரியுறது வேணும், அங்க வேகமானத கொட்டினா புல்லட் நகரறதுக்குள்ள பிரஷர் எகிறி ரைஃபிளே வெடிக்கலாம். .223 மாதிரி சின்ன ஷெல்லுல ரொம்ப மெதுவானத போட்டா வாய் வரைக்கும் நிரப்பினாலும் வேகம் வராது, எரியாத பவுடர் குச்சி பேரல்ல கிடக்கும்.

கேள்வி: 6.5 கிரீட்மோர், .243, .30-06னு மூணு அளவுக்கும் ஒரே பவுடர்னா எது?

பதில்: எச்4350. இதுல யோசிக்கவே வேண்டாம். .308க்கு மட்டும் இது கொஞ்சம் மெதுவு.

கேள்வி: கடையில எச்4350 இல்ல, ஐஎம்ஆர் 4350 இருக்கு. நம்பர் ஒண்ணுதானே சார், அதே லோடு போடலாமா?

பதில்: கூடவே கூடாது! நம்பர் ஒண்ணா இருந்தாலும் அது வேற பவுடர், லோடும் வேற. அந்த பவுடர் பேர் போட்ட டேட்டாவை எடுத்து கீழ இருந்து ஆரம்பிச்சு மெல்ல ஏத்துங்க. ரெண்டையும் கலக்கவும் கூடாது.

கேள்வி: .300 வின் மேக்னு பெரிய தோட்டா (மேக்னம்) ரைஃபிள் வாங்கப் போறேன், 4895லயே சமாளிக்கலாமா?

பதில்: வேண்டாங்க. கனமான புல்லட்டுக்கு இன்னும் மெதுவா எரியுற எச்1000 ஒரு டப்பா தனியா வாங்கிடுங்க, அவ்ளோ காசு போட்டு வாங்கின மேக்னம்ல கிடைக்க வேண்டிய வேகத்தை விட்டுட்டு ஒரு டப்பா மிச்சம் பிடிச்சு என்ன பிரயோஜனம்.

கேள்வி: ஒரு பவுண்டுல எத்தனை தோட்டா வரும்?

பதில்: பவுண்டுக்கு 7000 கிரெயின். உங்க லோடு 25 கிரெயின்னா 280, 50 கிரெயின்னா 140, கணக்கு அவ்ளோதான்.

கேள்வி: பவுடரை அளந்து கொட்டுற மெஷர்ல 4895 ஒரே அளவா விழ மாட்டேங்குது.

பதில்: அது குச்சி குச்சியா இருக்கும்ல, வெட்டுப்பட்டு மாட்டும். எச்335 மாதிரி உருண்டையா இருக்கற பால் பவுடர்னா ரவை மாதிரி கொட்டும். 4895க்கு கொஞ்சம் கம்மியா கொட்டி மீதியை ட்ரிக்லர்ல (துளித்துளியா விடுற கருவி) ஏத்தி தராசுல பாருங்க. இன்னொண்ணு, பெஞ்சுல எப்பவும் ஒரே ஒரு டப்பாதான் இருக்கணும், ஒருதடவ ரெண்டு டப்பா வெச்சிட்டு சாப்பிடப் போனேன், திரும்பி வந்தா மெஷரோட மேல் டப்பாவுல (ஹாப்பர்) இருக்கறது எதுன்னு தெரியல, அப்படியே புல்தரையில தூவிட்டேன்.