வீட்டிலும் அவளை யாழினி என்றே கூப்பிடுங்கள்

கேள்வி: போன வருடம் ஸ்காபரோவிலிருந்து கிங்ஸ்டனுக்கு வீடு மாறினோம். எங்கள் குட்டிக்கு 9 வயது, பெயர் யாழினி. பழைய பள்ளிக்கூடத்தில் வகுப்பில் பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள், இங்கே குட்டி மட்டும்தான். ழகரத்துக்கு இசட்டும் எச்சும் போட்டு எழுதியதால் எல்லோரும் ‘யாஸினி’ என்கிறார்களாம். “என்னை ஜெனி என்று மாத்திவிடுங்கோ அம்மா” என்று குட்டி அழுகிறாள். பத்திரத்திலேயே மாற்றுவோம் என்கிறார் கணவர். அம்மம்மா கோபத்தில் சாப்பிடாமல் இருக்கிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், கிங்ஸ்டன், ஒன்ராறியோ

பதில்: தங்கச்சி, முதலில் பத்திரத்தைத் தொடாதீர்கள். ஒன்ராறியோவில் 12 வயதான பிள்ளையின் பெயரை அவளுடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. சட்டமே பிள்ளையைக் கேட்கச் சொல்லும் வயதுக்கு இன்னும் மூன்று வருடம்தான், அதுவரை பொறுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

அம்மம்மாவிடமும் சொல்லுங்கள், பிள்ளை தமிழ் வேண்டாம் என்று இதைக் கேட்கவில்லை. காலையில் வரவு எடுக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள், அதுவும் வழக்கமான ரீச்சர் வராமல் சப்ளை ரீச்சர் வந்த நாளில். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, ஆனால் இங்கத்தைப் படிவத்துக்கு அது வேண்டும், அதனால் தகப்பன் பெயர் அந்த இடத்தில் போய் உட்காரும். சிவகுமாரன் என்று வைத்துக்கொள்வோம். ரொபின்சன் முடியும், ஸ்மித் வர முதல் ரீச்சர் நிறுத்துவார், தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோவார், “இதைப் பிழையாகத்தான் சொல்லப்போகிறேன், மன்னிக்கணும்” என்பார், முழு வகுப்பும் திரும்பிப் பார்க்கும். என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த ஒரு பிள்ளை, அந்த நிறுத்தம் வந்ததுமே ரீச்சர் வாய் திறக்க முதல் “ஹியர்” என்று கத்திவிடுவாளாம். உங்கள் மகள் ஜெனி கேட்பதும் அந்த இரண்டு விநாடியிலிருந்து தப்பத்தான்.

அதைச் சரிப்படுத்த வேண்டியது பெரியவர்கள். வகுப்பு ஆசிரியருக்கு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பெயரை ஓசைப்படி பிரித்து எழுதுங்கள், இசட்டை விட்டுவிட்டு எல் போட்டு. மகளின் குரலிலேயே ஒரு தரம் சொல்லிப் பதிவு செய்து சேர்த்து அனுப்புங்கள். சப்ளை ரீச்சருக்கு வைக்கும் பெயர்ப் பட்டியலிலும் பக்கத்தில் அதை எழுதிவைக்கச் சொல்லிக் கேளுங்கள், இதுதான் மிக முக்கியம். சரியான ழகரத்துக்குப் பிடிவாதம் பிடிக்காதீர்கள், யாழ்ப்பாணத்து ஆட்கள் நாங்களே பாதிப் பேர் ‘யாளினி’ என்றுதானே சொல்கிறோம். ரீச்சருக்கு அது வந்தால் போதும். அப்புறம், அப்பா ரீச்சராக நடித்துப் பிழையாகக் கூப்பிடட்டும், அவள் “இல்லை, யாழினி” என்று திருத்தட்டும். பத்துத் தரம் வீட்டில் சொன்னால் பதினோராவது தரம் வகுப்பில் வாய் வரும்.

இனிச் சொல்வது உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கலாம். இந்தச் சின்னக் கடிதத்தில் மூன்று தரம் ‘குட்டி’ என்று எழுதியிருக்கிறீர்கள், யாழினி ஒரேயொரு தரம். செல்லப் பெயரில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வீட்டில் குட்டி, வெளியே யாஸினி என்றால், அந்தப் பிள்ளை தன் பெயரை நல்லபடி எங்கேதான் கேட்கிறாள்? அவள் காதில் அது உடைந்துதானே விழுகிறது!

நானும் இதே பிழை விட்டவள். என் மகன் நக்கீரன். வீட்டில் தம்பி, பள்ளிக்கூடத்தில் நிக். சுலபமாகப் போயிற்று என்று நாங்களும் இருந்துவிட்டோம். அவனுடைய கலியாணத்தன்று அவனோடு வேலை செய்கிற ஒரு பிள்ளை வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் காட்டி, “இது யார், நிக்கின் அண்ணனா?” என்று என்னிடம் கேட்டாள். இன்றைக்கும் அது நெஞ்சில் நிற்கிறது.

அதனால் இன்று இரவு சாப்பிடக் கூப்பிடும்போது யாழினி என்று கூப்பிடுங்கள், அம்மம்மாவையும் கூப்பிடச் சொல்லுங்கள். அம்மம்மாவுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, பேத்திக்கு யாழைப் பற்றிச் சொல்வது. பேரியாழுக்கு 21 நரம்பு என்பார்கள். வாசிப்பாரே இல்லாமல் மறைந்துபோன அந்த வாத்தியத்தை, காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பழைய பாட்டுகளுக்குள் தேடித் தேடி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 9 வயதுப் பிள்ளைக்கு இது நல்ல கதை. ஜனவரி தமிழ் மரபுத் திங்கள் என்று கனடா நாடாளுமன்றம் 2016இல் ஏற்றுக்கொண்டது, அவளுக்கு விருப்பமென்றால் அந்த மாதம் இதையே வகுப்பில் சொல்லட்டும். விருப்பமில்லாவிட்டால் தள்ளிவிடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சின்னப் பெயர்தான் வேண்டும் என்றால் ‘யாழ்’ இருக்கிறதே, அதைச் சொல்லிப் பார்த்து அவளுக்குப் பிடிக்கிறதா என்று கேளுங்கள்.