லேயில் இறங்கிய மறுநாளே பாங்காங்கா?

கேள்வி: ஜூன் 14 காலை டெல்லியிலிருந்து விமானத்தில் லடாக்கின் லே நகருக்குப் போகிறோம். 20-ம் தேதி காலை திரும்புகிறோம். நான், கணவர், 10 வயது மகன், 64 வயது மாமியார். மாமியாருக்கு பி.பி. மாத்திரை உண்டு, மற்றபடி நன்றாக நடப்பார். ஏஜென்ட் கொடுத்த பிளான்: முதல் நாள் லே, 2-ம் நாள் பாங்காங் ஏரிக் கரையில் டென்ட், 3-ம் நாள் நுப்ரா, 4-ம் நாள் லே, 5-ம் நாள் ட்சோ மோரிரி, 6-ம் நாள் லே. “வண்டியிலேயே ஆக்ஸிஜன் இருக்கும், பயப்படாதீங்க” என்கிறார். என் நாத்தனார் குடும்பம் போன வருடம் லே போய்ச் சேர்ந்த மறுநாளே கர்துங் லா போய் வந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாங்களும் ஊட்டி, கொடைக்கானல் அடிக்கடி போகிறவர்கள்தான். இந்த பிளான் சரிதானா? கணவர் அங்கே செல்ஃப் டிரைவ் கார் எடுத்துத் தானே ஓட்ட ஆசைப்படுகிறார். அது முடியுமா?
— கோவை வாசகி

பதில்: பிளானை அப்படியே ஏஜென்ட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள். முன்பணம் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, வரிசையை மாற்றச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் ஆளை மாற்றுங்கள். நான் மருத்துவன் இல்லை. பல வருடமாகச் சின்னச் சின்னக் குழுக்களை லடாக்குக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கூட்டி வருகிறவன். இதில் ‘திரும்ப’ என்பதுதான் என் வேலையில் பாதி.

முதலில் ஊட்டி. ஊட்டி 2,240 மீட்டர், லே 3,500. ஊட்டியின் தலையில் இன்னொரு அரை ஊட்டியைத் தூக்கி வைத்தால்தான் லே வரும். பாங்காங் கரை 4,250 மீட்டர், ஏறக்குறைய இரண்டு ஊட்டி. அதுவும் மேட்டுப்பாளையத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறுவதுபோல் ஏறப் போவதில்லை. டெல்லியின் சமவெளியிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் நேராக அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். காற்று மெலிந்த இடத்தில் மூச்சை வேறு மாதிரி இழுக்க உடம்பு பழக வேண்டும், அதற்கு இரண்டு நாளாவது ஆகும். மலைப் பழக்கம், தைரியம், ஜிம் எதுவும் அந்த இரண்டு நாளைக் குறைக்காது. நான் பார்த்தவரை முதலில் படுத்துவிடுகிறவர்கள் முப்பது வயது ஜிம் பையன்கள்தான். மெதுவாக நடக்கிற பாட்டிகள் தப்பித்துவிடுகிறார்கள்.

இதற்கு நிறைய விதிகள் இருக்கின்றன. உங்களுக்கு ஒன்று போதும்: பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும், இரவு எங்கே படுக்கிறீர்கள் என்று பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், படுக்கிற உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. உங்கள் ஏஜென்ட் இரண்டாம் இரவே 750 மீட்டர் ஏற்றிப் படுக்க வைக்கிறார். நுப்ரா பள்ளத்தாக்கிலோ நீங்கள் தங்கப் போகிற டிஸ்கிட்டும் ஹுந்தரும் சுமார் 3,100 மீட்டர்தான். லேயைவிடத் தாழ்வு. போகிற வழியில் கர்துங் லா என்ற 5,359 மீட்டர் கணவாயைத் தாண்ட வேண்டும், ஆனால் அது சில மணி நேர சமாச்சாரம். கணவாய் உச்சியில் பத்துப் பதினைந்து நிமிடம் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். அங்கே வெகுகாலம் 18,380 அடி என்று எழுதி, உலகின் மிக உயரமான சாலை என்றும் பெருமை பேசிய பலகை இருந்தது. ஜி.பி.எஸ். வைத்து அளந்தால் 17,600 அடியைக்கூடத் தொடாது. அந்தப் பலகைக்காக அரை மணி நேரம் கியூவில் நிற்காதீர்கள்.

பாங்காங்கில் இன்னொரு சிக்கல், இதை எந்த பிரௌஷரும் சொல்லாது. காற்று மெலிந்த உயரத்தில் வரும் மலை நோய்க்கு நிஜமான மருந்து கீழே இறங்குவதுதான். ஆனால் பாங்காங்கிலிருந்து லே திரும்புகிற நேர் சாலை முதலில் மேலே ஏறுகிறது. சுமார் 5,360 மீட்டர் உயரமுள்ள சாங் லா கணவாயைத் தாண்டித்தான் லே. நடுராத்திரி ஒருவருக்கு மூச்சு வாங்கினால், அவரை இன்னும் ஆயிரம் மீட்டர் ஏற்றித்தான் இறக்க வேண்டும். ஏரிக்கும் நுப்ராவுக்கும் நடுவே ஷ்யோக் ஆற்றோரமாக ஒரு சாலை போகிறது. அதில் பெரிய கணவாய் எதுவும் இல்லை, டிஸ்கிட்டை நெருங்க நெருங்கத் தாழ்ந்துகொண்டே போகும். டிஸ்கிட்டில் அரசு மருத்துவமனை உண்டு. ஆகவே லே, நுப்ரா, அப்புறம் ஷ்யோக் வழியாக ஏரி. இந்த வரிசைதான் சரி. ஏஜென்ட்கள் தலைகீழாகப் போடுவது பெரும்பாலும் அன்றைக்கு எந்த டென்ட் காலி என்பதை வைத்துத்தான். உங்கள் மாமியாரின் பி.பி.யை வைத்து யாரும் பிளான் போடுவதில்லை.

“வண்டியிலேயே ஆக்ஸிஜன்” என்றாரே, அதற்கு வருகிறேன். சில வருடம் முன்பு பாங்காங் கரையிலுள்ள ஸ்பாங்மிக்கில் இரவு ஒரு மணிக்குப் பக்கத்து டென்ட்காரர் எங்கள் டென்ட்டைத் தட்டினார். அவர் மனைவிக்குப் படுத்தால் இருமல், உட்கார்ந்தால்தான் மூச்சு. அன்று காலைதான் லேயிலிருந்து வந்திருக்கிறார்கள். லேயில் இறங்கி இரண்டாம் நாள், உங்கள் பிளானேதான். வண்டியில் சிலிண்டர் இருக்கிறது என்றார்கள். டிரைவர் டிக்கியைத் திறந்து, தார்ப்பாய்க்கும் ஸ்டெப்னிக்கும் நடுவிலிருந்து அதை உருட்டி எடுத்தார். மாஸ்க் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. சிலிண்டரைத் திறக்கிற சாவி இல்லை. ஸ்பேனரை வைத்து ஒரு வழியாகத் திறந்தால் ரெகுலேட்டர் முள் பூஜ்யத்தை விட்டு அசையவே இல்லை. எங்கள் சிலிண்டரை வைத்து டாங்ட்சே சுகாதார நிலையம் வரை ஓட்டிக்கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டார். அந்த ஏஜென்ட் மறுவாரமும் அதே பிளானை விற்றிருப்பார்.

ஆகவே லேயில் வண்டி ஏறும் முன் டிக்கியைத் திறக்கச் சொல்லுங்கள். முள் எங்கே நிற்கிறது, சாவி இருக்கிறதா, மாஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவரை ஒரு தடவை திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரே டப்பா மாதிரி ஆக்ஸிஜன் கேன் விற்பார்கள். பத்து லிட்டர் என்று எழுதியிருக்கும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தால் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் எந்த மலையிலிருந்தும் இறங்க முடியாது. கைக்குட்டையில் கற்பூரம் முடிந்து தருவார்கள், அதைத் திரும்பி வந்து சாமிக்கு ஏற்றுங்கள்.

அடுத்து செல்ஃப் டிரைவ். உங்கள் கணவருக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் வேண்டாம். வெளியூரிலிருந்து வரும் வாடகை வண்டிகள் லே வரை வரலாம். அங்கிருந்து நுப்ரா, பாங்காங் என்று சுற்ற உள்ளூர் டாக்ஸி யூனியன் விடாது. இதைத் தெரிந்துகொண்டே சில புரோக்கர்கள் வெள்ளை நம்பர் பிளேட் சொந்தக் காரை வாடகைக்குக் கொடுத்து, “யாராவது கேட்டால் நண்பரோட வண்டின்னு சொல்லுங்க” என்று சொல்லி அனுப்புவார்கள். வழியில் நிறுத்திக் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். பெயரே தெரியாத நண்பருக்காக உங்கள் கணவர் நடுரோட்டில் நின்று பொய் சொல்ல வேண்டும். விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். உள்ளூர் டாக்ஸிக்கு யூனியன் ஒவ்வொரு வழிக்கும் ரேட் போட்டு வைத்திருக்கிறது. ‘லே – நுப்ரா – ஷ்யோக் வழி பாங்காங் – லே’ என்பதற்கே தனி ரேட் உண்டு. அந்த ரேட் ஷீட்டைக் கேட்டு வாங்கி, ஏஜென்ட் சொன்ன தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஒரு காகிதத்தை விமான நிலைய வாசலிலேயே பெரிதாக ஒட்டி வைத்தால் பாதிப் புரோக்கர்களுக்கு வேலை இருக்காது. ஏன் செய்வதில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.

இனி உங்கள் நாத்தனார். அவர்கள் எப்படிப் போனார்கள் என்று கேட்டீர்களா? ஸ்ரீநகரிலிருந்து சாலை வழியாகப் போயிருந்தால் கதை வேறு. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர். சோஜி லாவைத் தாண்டிக் கார்கிலில் ஓர் இரவு, அது சுமார் 2,700. மறுநாள் ஃபோது லா, 4,100 மீட்டர், ஏறி இறங்கி மாலையில் லே. உடம்பு படிப்படியாக ஏறி வந்திருக்கும். அப்படி வந்தவர்கள் லேயில் ஒரு நாள் இருந்துவிட்டுக் கிளம்பினால்கூட நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சலுகை கார்கிலிலோ அந்த உயரத்தில் வேறெங்கோ நிஜமாகப் படுத்து எழுந்தவர்களுக்கு மட்டும். விடியற்காலை ஸ்ரீநகரில் கிளம்பி, டிரைவரை விரட்டி, அன்றிரவே லே வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடையாது. அவர்கள் விமானத்தில் வந்த கணக்குத்தான். மணாலி வழியும் இதில் சேராது. சாலை வழி வந்தோம், பழகிவிட்டது என்று மணாலிக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். அவர்களில் பலர் நடுவழியில் சார்ச்சுவில் படுத்திருப்பார்கள். சார்ச்சு 4,300 மீட்டர், லேயைவிட 800 மீட்டர் உயரம். முதல் இரவே அங்கே படுப்பது பழகுவதற்கு நேர் எதிர். ஆக, ஸ்ரீநகர் வழி, கார்கிலில் இரவு, அப்போதும் லேயில் ஒரு நாள் ஓய்வு. நாத்தனார் அதையும் தாண்டித்தான் மறுநாளே கிளம்பியிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை என்றால் சந்தோஷம். நீங்கள் போவது விமானத்தில்.

சரி, உங்கள் ஆறு இரவுகள். 14-ம் தேதி லேயில் இறங்கியதும் அறைக்குப் போய்ப் படுங்கள். விமான நிலையத்தில் ஓய்வெடுக்கச் சொல்லி அறிவிப்பார்கள். வெளியே வந்தால் ஏஜென்ட்டின் ஆள் “மத்தியானம் சங்கம் பார்த்துடலாம் சார்” என்பார், சிந்துவும் ஜன்ஸ்கர் ஆறும் சேரும் இடம். பிக்-அப்புக்கு வந்த வண்டியை அன்றைக்கே ஓட்டிக் காசாக்கும் வழி அது. போக வேண்டாம். தலைக்குக் குளியலும் அன்று வேண்டாம். 15-ம் தேதி காலை கடைத்தெருவில் மெதுவாக ஒரு நடை, மாலை வண்டியில் சாந்தி ஸ்தூபம். 16, 17 இரவுகள் நுப்ரா. டிஸ்கிட்டின் 32 மீட்டர் மைத்ரேய புத்தர், ஹுந்தர் மணல்மேடு, இரட்டைத் திமில் ஒட்டகம், பையனுக்கு இது போதும். எல்லோரும் தெம்பாக இருந்தால் 17-ம் தேதி துர்துக் போகலாம், 1971 போர் வரை பாகிஸ்தான் வசம் இருந்த பால்டி மக்களின் கிராமம். 18-ம் தேதி காலை ஏழு மணிக்குள் ஷ்யோக் சாலையில் கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, சாலையைக் குறுக்கே வெட்டும் ஓடைகள் மத்தியானத்துக்குப் பிறகு பெருகிவிடும்.

அன்றிரவு ஏரிக்கரை டென்ட்டை விட்டுவிடுங்கள் என்பேன். பிற்பகல் ஏரியைப் பாருங்கள், நீலம் மாறி மாறித் தெரிவதைப் பையனுக்குக் காட்டுங்கள், ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் உப்பு தெரியும். பிறகு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓட்டினால் டாங்ட்சே, சுமார் 4,000 மீட்டர். நுப்ராவிலிருந்து பார்த்தால் 900 மீட்டர் ஏற்றம்தான், ஆனால் ஏற்கெனவே இரண்டு இரவு படுத்துப் பழகிய லேயிலிருந்து கணக்கிட்டால் 500தான். சாதாரண விடுதிகள்தான், ஆனால் சுவர் இருக்கும், பக்கத்தில் சுகாதார நிலையம் இருக்கும். டென்ட்டில் ஜூன் மாதத்திலும் பாட்டிக்குக் குளிர் தாங்காது. 19-ம் தேதி சாங் லா வழியாக லே. ட்சோ மோரிரி ஏரி இந்தத் தடவை கிடையாது. 4,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது, லேயிலிருந்து போகவே ஒரு முழு நாள்.

மாத்திரை விஷயம் உங்கள் டாக்டரிடம். அசிட்டசோலமைடு (டயாமாக்ஸ் என்ற பெயரில் தெரியும்) கிளம்புவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டியது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். சிறுநீர் அதிகம் போகும். மாமியாரின் பி.பி. மாத்திரையும் அதே வகையாக இருக்கலாம் என்பதால் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டு வாங்காதீர்கள். தலைவலியும் பசியின்மையும் வந்தால் அன்றைக்கு மேலே ஏறாமல் அங்கேயே தங்குங்கள். பையன் காரணமில்லாமல் அழுது, சாப்பாட்டை ஒதுக்கினால் அதையும் தலைவலியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, படுக்க விடாத இருமல், நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடுவது: இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அனுமதிச் சீட்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஏஜென்ட் கட்டாயம் பேசுவார். எல்லையோரப் பகுதிகளுக்குள் போக வாங்க வேண்டியிருந்த இன்னர் லைன் பெர்மிட் இந்தியர்களுக்குத் தேவையில்லை என்று 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள். பெர்மிட் போனது. படிவம் போகவில்லை, சுற்றுச்சூழல் கட்டணம் போகவில்லை, செக்போஸ்டில் ஜெராக்ஸ் கேட்பதும் போகவில்லை. ஆன்லைனில் நீங்களே கால் மணி நேரத்தில் கட்டிவிடலாம், அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று சர்வீஸ் சார்ஜ் கொடுக்காதீர்கள். ஐந்தாறு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை காகிதம் வாங்குகிறவர்களில் ஒருவர்கூட “லேக்கு என்றைக்கு வந்தீர்கள்?” என்று இதுவரை என்னைக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான்.

நம்மூர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. நான்கு பேரில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். லேயைத் தாண்டினால் யு.பி.ஐ.யை நம்பாமல் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 20-ம் தேதி லேயிலிருந்து விமானம் கிளம்பாமலும் போகலாம். மேகம், காற்று, சில நாள் வெயில் கூடினாலும் ரத்து செய்கிறார்கள். டெல்லியிலிருந்து கோவைக்கு அன்றைக்கே டிக்கெட் போட்டிருந்தால் 21-க்கு மாற்றிவிடுங்கள்.