கொழும்பில் எடுக்கும் மூளை எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களோடு வெளிநாட்டு ஆய்வுக் குழுவில் சேர எங்கே தொடங்குவது?

பழைய நோயாளிகளின் ஸ்கேன் சீடிகள் ஒரு பெட்டி நிறைய உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். கோபிக்காதீர்கள், முக்கால்வாசி உதவாது. வழக்கமான ஸ்கேனில் ஒரு துண்டு 5 மில்லிமீற்றர் தடிப்பு. மூளையின் மேற்படையான புறணியே சராசரி 2.5 மில்லிமீற்றர்தான். மூளையின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும் முப்பரிமாண டி1 படம், ஒவ்வொரு புள்ளியும் மூன்று பக்கமும் 1 மில்லிமீற்றராக வேண்டும். காந்தப்புலம் கூடிய 3 டெஸ்லா மெஷின் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். 2004இல் தொடங்கிய, அல்சைமர் நோய் பற்றிய அமெரிக்க அட்னி ஆய்வின் முதற்கட்டம் பெரும்பாலும் 1.5 டெஸ்லாவில்தான் நடந்தது.

நோயாளிகளை ஒரு மெஷினிலும் சுகதேகிகளை இன்னொன்றிலும் எடுத்தீர்களோ, முடிந்தது கதை. நோயால் வந்த வித்தியாசம் எது, மெஷினால் வந்தது எது என்று பிறகு எவராலும் பிரிக்க முடியாது. மெஷின் வித்தியாசத்தைக் கணக்கால் சரிசெய்யும் கொம்பாட் திருத்தமும் கைகொடுக்காது. இரு தரப்பையும் கலந்து எடுங்கள், மெஷின் மென்பொருள் மாறிய திகதியைக் குறித்து வையுங்கள்.

மூளையில் நீர் பரவுவதைக் காட்டும் டிஃபியூஷன் படங்களை பாக்ஸிலிருந்து (ஆஸ்பத்திரியின் படக் களஞ்சியம்) இறக்கினால், அந்தப் பரவலைக் கணக்கிடத் தேவையான பி-பெறுமானங்கள் காணாமல் போகலாம். சில மெஷின்கள் அவற்றைத் கோப்பிலுள்ள தங்கள் சொந்தத் தகவல் டேக்குகளில் ஒளித்து வைக்கின்றன. மெஷினை இயக்கும் கணினியான கொன்சோலிலிருந்தே மூலப் படக் கோப்புகளை (டைகொம்) எடுத்து, அவற்றை ஆய்வுக்கான வடிவத்துக்கு மாற்றும் டிசிஎம்2நிக்ஸ் மென்பொருளை அன்றைக்கே ஓட்டிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் கொன்சோலில் அழித்திருப்பார்கள். வலது கன்னப்பொறியில் ஒரு விற்றமின் ஈ குளிசை ஒட்டிவிட்டால் இடம்வலம் மாறிய படம் உடனே பிடிபடும்.

பெயரை அழித்தால் போதும் என்பவர்களுக்கு: 1 மில்லிமீற்றர் படத்திலிருந்து முகத்தையே திரும்ப வரையலாம். பைடிஃபேஸ் மென்பொருள் போட்டு முகத்தை நீக்குங்கள், நெற்றிப்பக்க மூளையும் சேர்ந்து வெட்டுப்பட்டதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். என்னைக் கேட்டால் படத்தையே அனுப்பாதீர்கள். 2009இல் தொடங்கிய எனிக்மா என்ற பன்னாட்டு மூளை ஆய்வுக் கூட்டமைப்பில் பல குழுக்கள் செய்வதுபோல, மூளையின் பகுதிகளை அளக்கும் ஃப்ரீசேர்ஃபர் மென்பொருளை இங்கேயே ஓட்டி, அளந்த எண்களை மட்டும் கொடுக்கலாம். ஒரு தலைக்குப் பல மணித்தியாலம் ஓடும், யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

எதற்கும் முன்னால் நெறிமுறைக் குழுவின் அனுமதி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் வாசியுங்கள். 'வெளிநாட்டுக்குப் பகிரப்படும்' என்ற வரி ஒப்புதல் படிவத்தில் இருக்கவேண்டும். அந்தப் படிவத்தின் தமிழ்ப் பிரதி மட்டும் ஏன் எப்போதும் கடைசி நாளில், சொல்லுக்குச் சொல் மாற்றி, அம்மாமாருக்கு விளங்காத பாஷையில் வருகிறது? கொட்டாஞ்சேனையில் நாலு பேரிடம் வாசித்துக் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.