இடுக்கி நீர்மின் நிலையம்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: இடுக்கி அணையைச் சுற்றிப் பார்த்தோம் சார். பவர் ஹவுஸ் மட்டும் கண்ணில் படவில்லையே?

அங்கே இருந்தால்தானே தெரியும்! அது மலைக்கு அந்தப் பக்கம், மூலமற்றத்தில், பாறையைக் குடைந்து உள்ளே கட்டியது. சாலையில் போனால் சுமார் 40 கிலோமீட்டர். குளமாவு பக்கத்தில் சுரங்கத்துக்குள் நுழையும் தண்ணீர் ஏறக்குறைய 660 மீட்டர் கீழிறங்கி டர்பைனில் அடிக்கிறது. ஆறு இயந்திரங்கள், தலா 130 மெகாவாட், மொத்தம் 780. முதல் கட்டம் 1976இல் இயங்கத் தொடங்கியது. கனடா நாட்டு உதவியும் உண்டு.

கேள்வி: மேட்டூரைவிடச் சின்ன அணைதானே, எப்படி இவ்வளவு மின்சாரம்?

கொள்ளளவில் சின்னதுதான். மேட்டூர் 93 டி.எம்.சி., இடுக்கி சுமார் 70. ஆனால் மேட்டூரில் அணை மின் நிலையமும் சுரங்க மின் நிலையமும் சேர்ந்தே 250 மெகாவாட்தான். எவ்வளவு தண்ணீர் என்பதோடு எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதும் கணக்கு. மூலமற்றத்தில் ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு ஒன்றரை யூனிட் கிடைத்துவிடும். அப்புறம், மேட்டூரின் முதல் வேலை பாசனம். இடுக்கி மின்சாரத்துக்காகவே கட்டியது.

கேள்வி: அணையில் ஷட்டரே இல்லையாமே, உண்மையா?

உண்மை. குறவன், குறத்தி மலைகளுக்கு நடுவே வில்லாக வளைந்து நிற்கும் அந்த 169 மீட்டர் சுவரில் ஷட்டர் கிடையாது. ஒரே நீர்த்தேக்கத்துக்கு இடுக்கி, செறுதோணி, குளமாவு என மூன்று அணைகள். ஷட்டர்கள் செறுதோணியில். 2018 வெள்ளத்தில் டிவியில் பார்த்தது அதைத்தான். 1992க்குப் பிறகு அப்போதுதான் திறந்தார்கள்.

கேள்வி: முல்லைப்பெரியாறு தண்ணீரும் இங்கே வருமா அண்ணா?

அது பெரியாற்றில் மேலே இருக்கிறது. தமிழகத்துக்குத் திருப்பியது போக, அங்கே திறந்துவிடும் உபரி இடுக்கிக்குத்தான் வரும்.

கேள்வி: ஆறு இயந்திரத்தையும் எப்போதும் ஓட்டலாமே?

ஓட்டினால் கோடையில் கையைப் பிசைய வேண்டியதுதான். மழைக்காலத்தில் சேர்த்ததை அடுத்த மழை வரை காப்பாற்ற வேண்டும். இயந்திரத்தைச் சில நிமிடங்களில் முடுக்கிவிடலாம் என்பதால், ஊரே விளக்குப் போடும் மாலை நேரத்துக்கு வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

கேள்வி: டர்பைனைச் சுற்றிய தண்ணீர் திரும்பப் பெரியாற்றுக்கே போகுமா?

போகாது. மலங்கரை அணை வழியாகத் தொடுபுழை ஆற்றில் இறங்கி மூவாற்றுப்புழை ஆற்றோடு போய்விடும்.