தம்பிக்குக் கேட்கிற குரல்

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. வீட்டில் சும்மா இருக்கும்போது, "ரெண்டு பேர் என்னப் பத்தியே பேசுதாங்க, 'சட்டையக் கழட்டுதான் பாரு, சாப்பிட உக்காருதான் பாரு'ன்னு சொல்லுதாங்க" என்கிறான். "இந்த நினைப்பு என்னோடது இல்லக்கா, எவனோ உள்ள வைக்கான்" என்றும் புலம்புகிறான். யாரும் பேசவில்லை என்றால் சண்டைக்கு வருகிறான். அம்மா சுடலைமாடனுக்கு நேர்ந்திருக்கிறாள். என்னதான் செய்ய?
- ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்: முதலில் அந்த வாக்குவாதத்தை விடுங்கள், அம்மா. அவனுக்கு நிஜமாகவே கேட்கிறது. "எனக்குக் கேட்கல, உனக்குக் கேட்குதுன்னு நம்புதேன். என்ன சொல்லுது?" என்று கேளுங்கள். 'செத்துப்போ', 'அவனை அடி' என்று குரல் ஏவினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிட வேண்டும்.

நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டினால் கூசாது. 'இது என் கைதான்' என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது. மனசுக்குள் பேசிக்கொள்ளும்போதும் அப்படித்தான். அந்தக் கணக்கு தவறும்போது சொந்தப் பேச்சே அந்நியன் குரலாகக் கேட்கிறது, சொந்த நினைப்பே எவனோ திணித்தது போலப் படுகிறது என்பது இன்று பலரும் ஏற்கும் ஒரு விளக்கம். குரல் கேட்கிற நேரத்தில் ஸ்கேன் எடுத்தால், பேசுவதற்கான மூளைப் பகுதியும் வேலை செய்வது பல பேரிடம் தெரிகிறது. சிலருக்குப் பாட்டை முணுமுணுத்தால் குரல் கொஞ்சம் அடங்கும். தம்பியையும் முணுமுணுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், காசா பணமா.

இதை வைத்து ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்று நான் இங்கிருந்தே முத்திரை குத்த மாட்டேன். கஞ்சா, வலிப்பு, கடும் மனச்சோர்வு எதிலும் குரல் கேட்கலாம். டாக்டர் கஞ்சா பற்றிக் கேட்டால் கோபப்படாதீர்கள்.

சுடலைக்குக் கொடை கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் கொடை முடியட்டும் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தாமதமானால் குணமாவதும் இழுக்கும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவன் வர மறுத்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் யோசனை கேளுங்கள், எந்நேரமும் இலவசம்.

ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் மாதிரி மாத்திரைகள் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேகத்தைத் தணிக்கும். குரல் ஒரே நாளில் நிற்காது. வாரக்கணக்கில் மெல்லத் தேயும். பலருக்கு, கேட்டாலும் முன்னைப் போல உறுத்தாது. தூக்கம் வரும், எடை கூடும். அதை டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அப்புறம், 'ஒரு கல்யாணத்தப் பண்ணிவச்சா சரியாயிரும்' என்று சொந்தக்காரர் யாராவது வருவார். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.