வேலியை நம்பிக் கடக்கால் தோண்டலாமா?

(நில அளவைத் துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, பெரியப்பா மகனிடம் 12 சென்ட் கிரயம் வாங்கியிருக்கிறோம். பத்திரத்தில் கிழமேல் 60 அடி, தென்வடல் 87 அடி. ஆவணியில் வீட்டு வேலை ஆரம்பிக்கலாம் என்று மேஸ்திரியை விட்டு டேப் பிடித்தால், கிழமேல் 57 அடிதான் வருகிறது. கிழக்கே கிளுவை வேலி. அதற்கு அந்தப்பக்கம் வேறொருவர் தோட்டம், சோளம் நிற்கிறது. “மூணடிக்கு எதுக்கு சர்வேயர்? பக்கத்துத் தோட்டத்துக்காரர் மொகத்தைத் திருப்பிக்குவார்” என்கிறார் என் வீட்டுக்காரர். அளக்கத்தான் வேண்டுமா?
- வாசகி, காங்கேயம்

பதில்: அளந்துவிடுங்கள் அம்மணி. மூன்றடி என்றால் 87 அடி நீளத்துக்கு 261 சதுர அடி, அரை சென்ட்டுக்கு மேல். அதைக்கூட விடலாம். பிளான் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் ஐந்தடி விட்டு 50 அடிக்கு வீடு என்று போட்டிருந்தால், கடைசியில் ஒரு பக்கம் இரண்டடிச் சந்துதான் மிஞ்சும். அதில் ஜன்னல் கதவைத் திறக்கக்கூட முடியாது.

ஆனால் அந்த மூன்றடியைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் எடுத்துக்கொண்டார் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். மேஸ்திரி டேப்பை எங்கே இருந்து பிடித்தார்? மேற்கே ஏதோ ஒரு கல்லில் இருந்து வேலி வரைக்கும் பிடித்திருப்பார். அந்தக் கல் அளவுக் கல்தானா, யாராவது மாடு கட்ட நட்டதா? நம் பக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் நிற்கும். கிளுவை வேலியோ போத்து, அதாவது கிளைத் துண்டு, நட்டு வளர்ப்பது. வருஷம் போகப் போக இரண்டு பக்கமும் பருத்து, வேலியே நாலடி அகலத்துக்கு வந்துவிடும். அதன் உள்விளிம்பில் டேப்பை நிறுத்தினால் அளவு குறையாமல் என்ன செய்யும்? இன்னொன்று, புலப்படத்தில் (அரசு நில அளவையில் வரைந்த வரைபடம்) இருப்பதெல்லாம் கிடைமட்டமாகப் பிடித்த அளவு. மேடு பள்ளமான காட்டில் டேப்பைத் தரையோடு படுக்கவிட்டால் உள்ளதைவிடக் கூடத்தான் காட்டும். அப்படிப் பிடித்தும் 57 என்றால் நிஜத்தில் இன்னும் குறைவு.

முதலில் காகிதங்களைப் பாருங்கள். பட்டா, அ-பதிவேடு (ஊரின் நில விவரப் பதிவேடு), புலப்படம் மூன்றையும் அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் காசில்லாமல் எடுக்கலாம். பட்டாவில் சென்ட் இருக்காது, ஹெக்டேர்-ஏர் கணக்கு. ஒரு ஏர் 2.47 சென்ட். உங்கள் 12 சென்ட்டுக்கு ஏறக்குறைய 4.86 ஏர் வர வேண்டும். அதைவிட முக்கியம், பட்டா உங்கள் பெயரில் தனி உட்பிரிவு எண்ணோடு இருக்கிறதா என்பது. பங்காளிகளோடு சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருந்தால், அளக்க வருபவர் மொத்தப் புல எண்ணின் (சர்வே நம்பரின்) எல்லையைத்தான் காட்ட முடியும். உங்கள் 12 சென்ட் எந்த மூலையில் என்பது அவர் படத்தில் இல்லையே! அப்படி இருந்தால் முதலில் உட்பிரிவு செய்து பட்டா மாறுதலுக்கு மனுப் போடுங்கள். அதற்கே சர்வேயர் வந்து அளந்துதான் ஆக வேண்டும்.

தனிப் பட்டா இருந்தால் எல்லை காட்டச் சொல்லி மனுப் போடலாம். தமிழ்நிலம் தளத்திலோ இ-சேவை மையத்திலோ பணம் கட்டினால் போதும், தாலுகா ஆபீசுக்கு நடக்க வேண்டியதில்லை. ஆடியில் எப்படியும் வேலை தொடங்க மாட்டீர்கள், அந்த மாதத்தை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். சோளத்தட்டு அறுத்த பிறகு தேதி கிடைத்தால் நல்லது. ஆள் உயரப் பயிருக்கு நடுவே கல்லுக்குக் கல் பார்வை கிடைக்காது.

அளவு நாளில் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு ஒரு ஆள் கட்டாயம் இருக்கட்டும். பலர் நினைப்பதுபோல சர்வேயர் வந்ததும் உங்கள் இடத்தை அளக்க மாட்டார். சுற்றுப்பக்கத்துப் புலங்களில் பழைய கற்களைத் தேடுவார். சென்னிமலைப் பக்கம் ஒரு காட்டில், படப்படி கல் இருக்க வேண்டிய இடத்தில் எருக்கஞ்செடிதான் நின்றது. முழங்கால் ஆழம் தோண்டியும் ஓடைக்கல்லாகவே வந்தது. காட்டுக்காரர், “கல்லே இல்லீங்க, எங்கப்பன் காலத்துலயே போயிருச்சு” என்று சாதித்தார். இன்னும் ஒரு சாண் மேற்கே தோண்டியதும் கடப்பாரை ‘டங்’ என்றது. மண்ணைத் துடைத்தால் தலையில் உளிக்குறியோடு கல். காட்டுக்காரர் அதற்கப்புறம் பேசவே இல்லை. அப்படி இரண்டு மூன்று கற்கள் கிடைத்து, அவற்றுக்கு இடையிலான தூரம் படத்தோடு ஒத்துப்போன பிறகுதான் உங்கள் மூலை குறிக்கப்படும். வெயிலில் நிற்பவருக்கு மோர் கொடுங்கள், ‘சீக்கிரம் முடிங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. பக்கத்துக்காரருக்கு அரசு நோட்டீஸ் போகும். அது போய்ச் சேருவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் அவர் வீட்டுக்கே போய், “வீடு கட்டுறோமுங்க, அளவு வைக்கறோம், நீங்களும் கூட இருக்கணும்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் வந்த நோட்டீஸால் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் நிறைய உண்டு. அளவு வைத்ததால் மட்டும் நின்றது குறைவு.

அளந்த பிறகு மூன்றடி வேலிக்கு அந்தப்பக்கம் கிடக்கிறது என்றால், சர்வேயர் கோட்டைக் காட்டுவார், அவ்வளவுதான். வேலியைப் பிடுங்கிக் கொடுப்பது அவர் வேலையில்லை. பேசித் தீரவில்லையென்றால் சிவில் கோர்ட்தான். அங்கே 12 வருஷத்துக்கு மேல் அவர் அனுபவத்தில் இருக்கிறது என்ற வாதமும் எழலாம். புலமே அவ்வளவுதான், பத்திரத்தில்தான் கூட எழுதிவிட்டார்கள் என்று தெரிந்தால், பெரியப்பா மகனை அழைத்துப் பிழைதிருத்தல் பத்திரம் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை மேஸ்திரி கயிறு கட்ட வேண்டாம்.

கேள்வி: தனியார் சர்வேயர் மறுநாளே வருகிறேன் என்கிறார். அது போதாதா?
- வாசகர், பல்லடம்

பதில்: எல்லையில் தகராறு இல்லை, பிளான் போட அளவு வேண்டும் என்றால் தாராளமாகப் போதும். டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி வைத்துச் சுத்தமாகவே அளப்பார்கள். புலப்படத்தை அவர் கையில் கொடுத்து, அதில் உள்ள கல்லில் இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஆனால் பக்கத்துக்காரர் ‘நான் ஒத்துக்க மாட்டேன்’ என்றால் அந்த அளவு அவரைக் கட்டுப்படுத்தாது, அரசு அளவுக்குத்தான் போக வேண்டும். எல்லைத் தகராறு வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் இரண்டு செலவு எதற்கு?

கேள்வி: எங்கள் மனைக்குத் தெற்கே இட்டேரி (தோட்ட வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை). காம்பவுண்டை இட்டேரி வரை போடலாமா?
- வாசகர், ஊத்துக்குளி

பதில்: அ-பதிவேட்டில் அது வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால், யாரும் நடக்காமல் முள் மண்டிக் கிடந்தாலும் அரசு நிலம். புலப்படத்தில் பாதையின் அகலம் இருக்கும், அதை விட்டுத்தான் உங்கள் எல்லை. பாதை பட்டா நிலத்துக்குள் ஓடுகிறது, பத்திரங்களில் மட்டும் ‘மாமூல் வண்டித்தடம்’ என்று வருகிறது என்றால் சங்கதி வேறு. மண் உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் பின்னால் உள்ள தோட்டத்துக்காரர்களுக்குத் தட உரிமை உண்டு, அடைக்க முடியாது. உங்கள் பத்திரத்தை மட்டும் பார்க்காமல் அவர்களுடையதையும் வாங்கிப் படித்துவிட்டு காம்பவுண்டுக்குக் கல் இறக்குங்கள்.