பெயர் நம்முடையது, பார்சல் யாருடையது?

கேள்வி: போன வாரம் தோட்ட ஆபீஸில் இருந்து ஒரு வெளிநாட்டுப் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெயர் அப்பாவுடையது, ஆனால் இனிஷியல் வேறு. டிவிஷன் (தோட்டப் பிரிவு) பெயரும் இல்லை. அனுப்பியவர் பெயர் மழையில் நனைந்து மை பரவிவிட்டது. வெளிநாட்டில் எங்களுக்கு யாருமே இல்லை. தம்பி பிரித்துப் பார்ப்போம் என்கிறான், அம்மா தொடவே விடுவதில்லை. அனுப்பியவரை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: நான் அம்மா கட்சி. பிரிக்காமலேயே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

பார்கோடுக்குக் கீழே உள்ள இலக்கத்தைப் பாருங்கள். தபாலில் வந்தது என்றால் முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 எண், கடைசியில் மறுபடி இரண்டு எழுத்து, ஆக மொத்தம் 13 இருக்கும். கடைசி இரண்டும் அனுப்பிய நாடு: கேடபிள்யூ என்றால் குவைத், ஏஈ என்றால் ஐக்கிய அரபு அமீரகம். கூடவே சுங்கப் படிவம் ஒட்டியிருக்கும், அதில் உள்ளே என்ன, எடை எவ்வளவு, அனுப்பியவர் யார் என்பதெல்லாம் எழுதியிருக்கும். மேல் தாளில் மை கரைந்திருந்தாலும் அடிப்பிரதி ஒன்று இருந்தால் அது தப்பியிருக்கலாம். ஆனால் படிவம் இருக்கிற உறையை நீங்கள் கிழிக்க வேண்டாம், தபாலதிபர் பார்க்கட்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், தோட்ட ஆபீஸில் கையெழுத்து வைத்து வாங்கியிருந்தால் கணினியில் அது 'ஒப்படைக்கப்பட்டது' என்றுதான் காட்டும். அனுப்பியவர் அங்கே ரசீதோடு விசாரித்தாலும் அதே பதில்தான் கிடைக்கும். அவர் விசாரணை கேட்க 6 மாதம்தான் அவகாசம், அதற்குள் பெட்டி உங்கள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தால் அந்தப் பிள்ளையின் சம்பளக் காசு போனதுதான் (வீட்டு வேலைக்குப் போன யாரோ ஒரு பிள்ளை என்றுதான் என் ஊகம்). அதனால் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, 'இந்த இனிஷியலில் இங்கே யாரும் இல்லை' என்று சொல்லி அப்படியே தபாலகத்தில் ஒப்படையுங்கள்.

அதற்கு முன் மேல் டிவிஷனிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். லயத்துக்கு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒரே பெயரில் ஆள் இருக்கிற ஊர் நம்முடையது, தபாலும் மொத்தமாக ஆபீஸுக்கு வந்து அங்கிருந்துதான் பிரிகிறது, மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். யாராவது 'எங்களுடையதுதான்' என்றால் எந்த நாடு, அனுப்பியது யார் என்று அவர்களே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். சரியாகச் சொன்னாலும் தபாலகத்துக்கே அனுப்பிவையுங்கள், கையில் கொடுக்காதீர்கள். தம்பி லேபிளைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போடக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள், அதில் ஒருவருடைய முகவரியும் போன் நம்பரும் இருக்கும்.

இலக்கம் அந்த மாதிரி இல்லை என்றால் அது தனியார் கூரியர். லேபிளில் இருக்கிற அவர்களுடைய நம்பருக்கு அழைத்து எடுத்துப்போகச் சொல்லுங்கள், காசு கேட்டால் கொடுக்காதீர்கள். எதுவானாலும், திருப்பிக் கொடுத்ததைத் தோட்ட ஆபீஸ் புத்தகத்தில் தேதியோடு எழுதச் சொல்லி நீங்களும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.